கேஸ் வீட்டுப் புகை

என் பெட்டி நிறைய மைலோ பாக்கெட்டும் தைலப் புட்டியும் சித்தி கேட்ட பாத்திக் துணியும்தான். திருச்சி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, உள்ளங்கை அகலமே இருந்த வெள்ளைக் கருவியை மட்டும் தூக்கிப் பிடித்தார். இந்தியில் ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்ற பெண் அதிகாரி எனக்காக மொழிபெயர்த்தார்: "இது எதை அளக்கும்னு கேக்குறாருங்க."

"புகையை" என்றேன்.

அவர் அதைக் கேட்டுவிட்டு மறுபடியும் ஏதோ சொன்னார். பெண் அதிகாரி சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "அதைக் கண்ணால பாத்தாலே தெரியுமேன்னு சொல்றாருங்க." எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கருவி கைக்கு வந்தது. கண்ணால் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அப்போது நானும்தான் நம்பினேன்.

நான் மலேசியாவில், கிள்ளானில் பாலர் பள்ளி ஆசிரியை. எங்கள் ஊரில் சில வருடம் காடு எரியும் புகை கடல் தாண்டி வந்து கவிந்துகொள்ளும். அந்த நாள்களில் வகுப்புச் சுவரில் இந்தக் கருவி தொங்கும். பச்சை விளக்கு எரிந்தால் பிள்ளைகள் திடலில் ஓடலாம். மஞ்சள் வந்தால் உள்ளே கூப்பிட்டுக்கொள்வோம். சிவப்பு வந்தால் மெல்லிய குரலில் கீ கீ என்று கூவும், பள்ளியையே மூடிவிடுவோம். பெரம்பலூரில் இருக்கும் என் சித்தி மகள் மலர்விழிக்கு இப்படி ஒன்று அவசரமாகத் தேவைப்பட்டது. அவளிடம் இருந்தது மழையில் நனைந்து செத்துவிட்டதாம். "ஸ்கூல் லீவுல சும்மாதானேக்கா இருக்கே, எடுத்துட்டு வந்துரேன்" என்றாள். நான் சும்மா இருக்கிறேன் என்று யார் சொன்னது என்று சண்டை போட்டுவிட்டு, உடனே கிளம்பிவிட்டேன்.

மலரின் வேலை, வீடு வீடாகப் போய் மூன்று வயதுக்குள் இருக்கும் குழந்தைகளைப் பார்ப்பது. அந்த வீட்டு அடுப்பில் என்ன எரிகிறது, அந்தக் குழந்தை எப்படி வளர்கிறது, இரண்டையும் எழுதிக்கொள்வாள். கேட்கும்போதே எனக்குக் கை துறுதுறுத்தது. இருபது வருடமாகச் சின்னப் பிள்ளைகளோடு மல்லுக்கட்டுகிறவள் நான். இப்படி ஒரு வேலைக்கு என்னைக் கூப்பிட யாருக்கும் தோன்றவில்லையே என்றுதான் வருத்தம்.

முதல் நாளே பஸ்ஸில் அசடு வழிந்தேன். கண்டக்டர், "பெரம்பலூர் உள்ள போவாதுங்க, பைபாஸ்ல எறக்கிவுட்டுருவேன்" என்றார். பைபாஸ் என்பது ஏதோ பஸ் நிலையத்தின் பெயர் என்று நினைத்துத் தலையாட்டினேன். நல்ல உச்சி வெயிலில், இரண்டு பெட்டிகளோடு, லாரிகள் பறக்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். சின்ன வெங்காயம் ஏற்றி வந்த ஒரு மினி லாரிக்காரர் இரக்கப்பட்டு நிறுத்தினார். முன் சீட்டில் அவர் மனைவி இருந்ததால் எனக்குக் கிடைத்தது வெங்காய மூட்டைமேல் ஆசனம். அவ்வளவு சந்தோஷமாக நான் எந்த வாகனத்திலும் போனதில்லை. மலர் வாசலில் நின்று முகர்ந்து பார்த்துவிட்டு, "வாக்கா. சாம்பார் வெச்சுட்டேன், நீ வந்து வுழ வேண்டியதுதான் பாக்கி" என்றாள்.

அந்தச் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை. உரித்த வெங்காயம் முழுசு முழுசாக மிதக்கிறது, வாயில் வைத்தால் கரைகிறது. எங்கள் ஊரில் பெரிய வெங்காயத்தை நறுக்கிப் போட்டுவிட்டு சாம்பார் என்று பெயர் சொல்லிக்கொண்டிருக்கிறோம். மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

மறுநாள் மலரின் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து பெரம்பலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் போனோம். கண்ணுக்கெட்டிய வரை மக்காச்சோளம், அதைத் தாண்டினால் பருத்தி. வீட்டு வாசல்களில் சோளம் உதிர்த்த கதிர்க்கட்டைகள் மலைபோலக் குவிந்து கிடந்தன. அவைதான் அடுப்புக்குப் போகின்றன. பருத்தி எடுத்து முடித்த செடிகளைப் பிடுங்கிக் காயவைத்த மாரும் அடுப்புக்குத்தான். ஒரு வீட்டில் மருமகள் மாரை ஒடித்துச் செருகி ஊதியதும், கருவி மஞ்சளைத் தாண்டி நேராகச் சிவப்புக்குப் போய்க் கூவியது. அவள் பயந்து ஊதுகுழலைக் கீழே போட்டுவிட்டாள். "உலை கொதிக்கறதுக்குள்ள இது கொதிச்சுருச்சே" என்று சிரித்தாள்.

குழந்தைகளுக்கு மலர் வைக்கும் பரீட்சைதான் எனக்கு மிகப் பிடித்தது. சின்ன மரக்கட்டைகள், ஒரு குவளை, சில படங்கள். கட்டைமேல் கட்டை அடுக்கச் சொல்வாள். படத்தைக் காட்டி, நாய் எங்கே, பந்து எங்கே என்று கேட்பாள். ஒரு பொடியன் கட்டைகளை அடுக்கவே இல்லை. மூன்று கட்டையை முக்கோணமாக வைத்தான், குவளையைத் தூக்கி மேலே வைத்தான், எங்களைப் பார்த்து "சோறு" என்றான். இதற்கு எந்தக் கட்டத்தில் மதிப்பெண் போடுவது என்று தெரியாமல் மலர் விழித்தாள். முழு மதிப்பெண் போடு என்று நான் அடம்பிடித்தேன்.

திரும்பி வரும் வழியில் டீக்கடையில் அவளிடம் கேட்டேன், புகை நெஞ்சுக்குக் கெடுதல் என்பது தெரியும், வளர்ச்சிக்கும் அதற்கும் என்ன என்று.

"பொகை நெஞ்சோட நின்னுடாதுக்கா. ரத்தத்துல கலக்கும். வயித்துல புள்ளை இருக்கறப்பவே ஆரம்பிச்சுரும். மூளை வேகமா வளர்ற வயசு பாரு. ஆனா ஒரு புள்ளையைக் காட்டி, இதுக்குக் காரணம் பொகைதான்னு யாரும் சொல்ல முடியாது. சாப்பாடு, சளி, வூட்ல எவ்வளவு பேச்சுக் குடுக்குறாங்க, எல்லாம் சேந்துதான். அதுக்குத்தான் இத்தனை வூடு ஏறி எறங்குறேன்."

மூன்றாம் நாள் ஜெயங்கொண்டம் பக்கம் கிளம்பினோம். அரியலூர் தாண்டும்வரை சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் பஸ் ஊர்ந்தது. முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். "கேஸ் வந்தப்புறம் அடுப்படி வெள்ளை அடிச்சது அடிச்சபடி இருக்குடி" என்றாள் ஒருத்தி. மலர் என்னை இடித்து, "கேட்டியா" என்று பூரித்துப்போனாள். அவள் நோட்டில் ஊரே இரண்டாகப் பிரிந்திருந்தது. ஒன்று கேஸ் வீடு, இன்னொன்று விறகு வீடு.

மீன்சுருட்டிக்குப் பக்கத்தில், முந்திரித் தோப்பை ஒட்டிய ஒரு சின்ன ஊரில் இருந்தது கலைச்செல்வியின் வீடு. கேஸ் வீடு. அவள் கணவன் சங்கர் லாரி ஓட்டுகிறவர். அவள் வீட்டிலிருந்தே முந்திரிக்கொட்டை உடைக்கிறாள். மகள் யாழினிக்கு இரண்டரை வயது. மலர் அந்த வீட்டுக்கு வருவது இது மூன்றாவது தடவை. முதல் தடவையைவிட இரண்டாவது தடவை யாழினி பின்தங்கியிருந்தாள். இந்தத் தடவையும் அப்படியே என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியாக வேண்டும் என்று பஸ்ஸிலேயே என்னிடம் சொல்லியிருந்தாள்.

கலைச்செல்விக்கும் அது தெரிந்திருந்தது. எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தாள். "இன்னைக்கும் சரியா வரலைன்னா டவுனுக்கு அனுப்பிருவீங்களாக்கா? அங்க மூளை சரியில்லைன்னு எழுதிட்டாங்கன்னா, அது அவளோடயே வரும்ல?" என்று மலரிடம் கேட்டாள். மலர் அப்படியெல்லாம் இல்லை என்றாள். அவள் குரலில் உறுதி இல்லை.

சமையலறைக்குப் போனேன். மெச்சவேண்டிய அறை. அடுப்பு துடைத்துத் துடைத்து மின்னியது, சுவரில் ஒரு கரிக்கோடு கிடையாது. கருவியை வைத்தேன். பச்சை. கடுகு தாளித்தாள், அப்போதும் பச்சைதான். எங்கள் பள்ளியில்கூட இப்படி நிலையாகப் பச்சை எரிந்து நான் பார்த்ததில்லை.

யாழினி மரக்கட்டைகளை ஒரே மூச்சில் அத்தனையும் அடுக்கிவிட்டாள். கோபுரம் ஆடக்கூட இல்லை. ஆனால் படங்களைக் காட்டி மலர் கேட்டபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடம் இருந்ததெல்லாம் 'ம்மா', 'தா' என்று நாலைந்து சொல்தான்.

"சொன்னா கேக்கவே மாட்டாக்கா. பத்து தடவ கூப்ட்டா ஒரு தடவ திரும்புவா. அவ்வளவு பிடிவாதம்" என்றாள் கலைச்செல்வி. மலர் 'பிடிவாதம்' என்று எழுதிக்கொண்டாள். நானும் தலையாட்டினேன். என் வகுப்பில் பிடிவாதக்காரப் பிள்ளைகள் எத்தனை பேர்.

தூக்கக் கலக்கமாக இருக்கும், காலையில் இன்னொரு தடவை பார்க்கலாம் என்று மலர் முடிவு செய்தாள். அதற்குள் கடைசி டவுன் பஸ் எங்களைக் கேட்காமலே போய்விட்டது. "இங்கயே தங்குங்கக்கா, வூடு இல்லாமயா போச்சு" என்று கலைச்செல்வி எங்களை விடவில்லை. களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். களியை எப்படி விழுங்குவது என்று தெரியாமல் நான் மென்றுகொண்டிருக்க, யாழினி என் வாயையே உற்றுப் பார்த்தாள். பிறகு தன் தட்டிலிருந்து ஒரு உருண்டையைக் குழம்பில் தோய்த்து, எனக்குத் தெரியும்படி கடகடவென்று விழுங்கிக் காட்டினாள். இந்தக் குழந்தைக்கா மூளையில் கோளாறு என்று எனக்குக் கோபமே வந்தது.

விடியற்காலை மார்கழிப் பனி. பல் கிடுகிடுக்க எழுந்தேன். கலைச்செல்வி கொல்லைப் பக்கத்திலிருந்து குரல் கொடுத்தாள்: "டீச்சர், சுடுதண்ணி போட்டுட்டேன், குளிச்சுட்டு வந்துருங்க." துண்டோடு போனேன். கருவி கழுத்தில், சால்வைக்குள் மாட்டியபடியே இருந்தது, கழற்ற மறந்துவிட்டேன்.

கொல்லையில் மூன்று பக்கமும் கீற்று வைத்து அடைத்த ஒரு சாய்ப்பு. உள்ளே மூன்று கல்லின் மேல் பெரிய அண்டா. கீழே எரிந்தது முந்திரிக்கொட்டை உடைத்த தோல். எண்ணெய் கசியும் தோல் அது, சடசடவென்று பொரிந்து எரிகிறது. கறுப்பாகப் புகை கிளம்புகிறது. பனிக்கு அது மேலே போகாமல் சாய்ப்புக்குள்ளேயே நின்றது. எனக்குக் கண்ணும் தொண்டையும் ஒருசேர எரிந்தன. அந்தப் புகைக்குள், ஒரு குட்டி மணைமேல், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு யாழினி ஜம்மென்று குளிர்காய்ந்துகொண்டிருந்தாள்.

கருவி சிவப்பாகிக் கூவியது. சாய்ப்பு ஓரம் மேய்ந்த கோழி நிமிர்ந்து பார்த்தது. வாளியோடு நின்ற கலைச்செல்வி திரும்பினாள். பல் துலக்கியபடி வந்த மலர் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"கலை, என்னம்மா இது?"

"சுடுதண்ணிக்கா."

"கேஸ்லதானே எல்லாம்னு சொன்னே?"

"ஆமாக்கா, சமையல் கேஸ்லதான். இது சமையல் இல்லையே, வெந்நிதானே. இதுக்குப் போயி யாராச்சும் கேஸ் எரிப்பாங்களா?"

மலர் பல்பொடி நுரையோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தாள். "தினமுமா?" என்று கேட்டாள். தினமும்தான், காலையில் ஒரு மணி நேரம். மழைக்காலத்தில் சாயங்காலமும் உண்டு. பாப்பாவுக்குச் சளி தீரவே தீராது, அதனால் கதகதப்பாக இருக்கட்டும் என்று பிறந்த நாள் முதல் இங்கேதான் வைத்துக்கொள்கிறாளாம். மலர் என்னைப் பார்த்தாள். "அக்கா, நான் எல்லா வூட்லயும் 'எதுல சமைக்கிறீங்க'ன்னுதான் கேட்டேன்." அவள் முகத்தில் திகிலும் குதூகலமும் சேர்ந்தே இருந்தன. என்னையும்தான் தொற்றிக்கொண்டது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் கேட்ட சொல்லுக்குள் அந்த அடுப்பு அடங்கவில்லை, அவ்வளவுதான். பஸ்ஸில் வெள்ளையடித்த அடுப்படியைப் பற்றிப் பேசிய பெண்ணுக்கும் கொல்லையில் ஒரு அண்டா இருக்கத்தானே வேண்டும்.

மலர் நோட்டை எடுக்க ஓடினாள். நான் ஓடவில்லை. எனக்கு வேறொன்று உறுத்தியது. கருவி இன்னும் கூவிக்கொண்டிருந்தது. கோழிகூடத் திரும்பியது. என் காலடியில், எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த யாழினி மட்டும் திரும்பவே இல்லை.

கருவியை அணைத்தேன். குழந்தையைத் தூக்கிவந்து முற்றத்தில் நிறுத்தி, கையில் ஒரு கட்டையைக் கொடுத்துவிட்டு, பின்னால் போய் மெல்லக் கை தட்டினேன். ஒன்றும் இல்லை. "யாழினி" என்றேன். ஒன்றும் இல்லை. உரக்கக் கூப்பிட்டேன். திரும்பினாள், ஆனால் நான் இல்லாத பக்கம். முன்னால் வந்து உட்கார்ந்து அதே பெயரைச் சொன்னதும் என் வாயைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்தாள்.

"மலரு, நோட்டைத் தூக்கிப் போடு. இந்தப் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை."

சொன்னபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. எங்கள் பள்ளியில் ஒரு பையன் இருந்தான். சேட்டைக்காரன் என்று பெயர். ஒரு வருடம் முழுக்க அவனை முன் பெஞ்சில் உட்கார்த்தி அதட்டினேன். கடைசியில் தீராத சளியால் செவிப்பறைக்குப் பின்னால் நீர் கோத்திருக்கிறது என்று மருத்துவர் சொன்னார். அதற்குப் பிறகும் நேற்று நான் இந்த வீட்டில் உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். 'சொன்னா கேக்க மாட்டா' என்று அந்தத் தாய் எங்களிடம் நோயின் பெயரையே சொல்லியிருந்தாள். படித்த நாங்கள் இருவரும் அதைப் பிடிவாதம் என்று எழுதிவைத்தோம்.

கலைச்செல்வி வாளியை வைத்துவிட்டு, அண்டாவின் கீழே எரிந்ததைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். சங்கர் வேலையிலிருந்து வந்ததும் விஷயத்தைக் கேட்டார். கேட்டவுடன் சாய்ப்புக் கீற்றைப் பிரித்துப் போட ஆரம்பித்தார். குளிக்காமலே எங்கள் பகல் போனது.

ஐந்தாம் நாள் எல்லோருமாக அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். ஏறிய ஷேர் ஆட்டோ ஜெயங்கொண்டம் வருவதற்குள் பஞ்சர். டிரைவர் சக்கரத்தோடு போராட, மலர் ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து தன் கேள்வித்தாளைத் திருத்தினாள். எதில் சமைக்கிறீர்கள் என்பதை அடித்துவிட்டாள். எங்கெங்கே நெருப்பு மூட்டுவீர்கள், எதற்கு, அப்போது குழந்தை எங்கே இருக்கும் என்று எழுதினாள். "இருக்குற வூடு அத்தனைக்கும் திரும்பப் போவணும்க்கா" என்றாள், ஏதோ பரிசு விழுந்ததுபோல. எனக்கும் லீவு இன்னும் பாக்கி இருந்தது, நானும் வருகிறேன் என்றேன்.

காது மருத்துவர் இளம்பெண். யாழினியை மடியில் உட்காரவைத்தே பார்த்தார். ஹெட்ஃபோன் வைத்த அறையிலும் ஒரு சோதனை நடந்தது. இரண்டு காதிலும் நீர் கோத்திருக்கிறது என்றார். மருந்து கொடுத்துச் சில வாரம் பார்ப்போம், வற்றாவிட்டால் சின்னதாக ஒரு துளை போட்டு எடுத்துவிடலாம், காது திறந்தால் பேச்சு பிடித்துக்கொள்ளும், பயிற்சியும் கொடுப்போம் என்று பொறுமையாகச் சொன்னார். மலரால் இருக்க முடியவில்லை. புகையால்தானா என்று கேட்டுவிட்டாள்.

"அப்படின்னு நான் எழுதித் தர முடியாதுங்க. ஆனா பொகையில உக்காந்தா சளி ஆறாது, சளி ஆறாட்டி இதுவும் ஆறாது. அடுப்பு பக்கமே விடாதீங்க" என்றார். பிறகு கலைச்செல்வி பக்கம் திரும்பினார். "இன்னொண்ணு. காது சரியாவுற வரைக்கும் பின்னாலேர்ந்து கூப்பிடாதீங்கம்மா. முன்னால போயி, மொகத்தைப் பாத்து பேசுங்க."

மூளையில் கோளாறு ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்துவிட்டது. எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மலர் என் கையைக் கிள்ளிக்கொண்டே இருந்தாள். சங்கர் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கப் போனார்.

கலைச்செல்வி மட்டும் வெளியே வேப்பமரத்தடி பெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தாள். நல்ல செய்திதானே அம்மா என்றேன்.

"நீங்க வர்றதுக்கு மொத நாளு டீச்சர்" என்றாள். "கூப்ட கூப்ட வரலைன்னு முதுகுல ரெண்டு வெச்சேன். எதுக்கு அடிக்கிறாங்கன்னே தெரியாம நின்னுருக்கும்ல அது?"

கிள்ளானில் நான் அதட்டிய பையனுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும்.

அதற்குள் யாழினி அவள் மடியிலிருந்து நழுவி, ஆம்புலன்ஸ்கள் நிற்கும் பக்கமாக விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தாள். கலைச்செல்வி கூப்பிட வாயைத் திறந்தாள். சட்டென்று மூடிக்கொண்டாள். எழுந்து ஓடினாள். குழந்தையைத் தாண்டிப் போய், சேலை மண்ணில் புரள எதிரே மண்டியிட்டாள். மூச்சிரைப்பு அடங்கும்வரை காத்திருந்து, அதன் முகத்துக்கு நேரே, "யாழினி, வா" என்றாள்.

முதல் கூப்பிட்டிலேயே வந்துவிட்டாள்.